பட்டாவில் இல்லாதவர்களின் குடும்ப வரலாறு: மாதனூர் வட்டாரக் கூலிக் குடும்பங்களும் அவர்களைப் பற்றிய சான்றுகளும்

ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறத்தில் 1850களில் பிறர் நிலத்தில் ஏரோட்டிப் பிழைத்த ஒருவரை அவருடைய வழித்தோன்றல்கள் இன்று தேடிப் புறப்பட்டால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. 1841 முதல் அங்கே மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுவாரித் தாள்கள் பெயரோடு பாதுகாக்கப்பட்டுள்ளன. நூறாண்டு கழிந்ததும் யாரும் பார்க்கலாம். 1855-இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கட்டாயமானது. 1845-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டப்படி அவர் உதவி கேட்டிருந்தால், எங்கே பிறந்தார், யாரிடம் வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை என்ற விசாரணைக் குறிப்பும் கிடைக்கக்கூடும். அவருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஆளெடுக்கும் சந்தையில் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ கூலி பேசிக்கொண்டு பண்ணை பண்ணையாக மாறியவர்தான்.

அதே காலத்தில் பாலாற்றங்கரையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, மாதனூரை ஒட்டிய ஒரு சேரியில் படியாளாக இருந்தவரை எங்கே தேடுவது? அவருடைய கொள்ளுப்பேரன் இன்று டேனரியில் டிரம் ஓட்டுபவராக இருக்கலாம். கொள்ளுப்பேத்தி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவராகவோ வீட்டில் பீடி சுற்றுபவராகவோ இருக்கலாம். ‘நமக்கெல்லாம் ஏது ஆவணம்’ என்பதுதான் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில். படித்தவர்கள் இதையே சற்று நாகரிகமாக, ‘வாய்மொழி வரலாறு மட்டுமே சாத்தியம்’ என்பார்கள். இன்னொரு வகைப் பதில் சாதி வரலாற்று நூல்களில் கிடைக்கும்: முன்னோர் மன்னராக இருந்தார்கள், பிறகு வீழ்ந்தார்கள். இந்த நூல்கள் எழுந்த அரசியல் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னரைத் தேடும் அவசரத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற தாத்தாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் போவதை வரலாறு என்று ஏற்க முடியவில்லை.

இந்த இரண்டு பதில்களும் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆவணம் உண்டு. அது நாம் தேடிப் பழகிய இடத்தில் இல்லை. ஏழையின் பெயரை யாரும் அவர் பொருட்டு எழுதி வைப்பதில்லை. அவர்மேல் இன்னொருவருக்குப் பாத்தியதை ஏற்படும்போது எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஏழையர் விசாரணைக் குறிப்பும் கருணையில் பிறந்ததன்று. உதவித்தொகையை எந்த ஊர்ச் சபையின் தலையில் கட்டுவது என்று தீர்மானிக்க எழுந்தது. ஆகவே மாதனூர்க் கூலிக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுபவர், அவரிடம் என்ன சொத்து இருந்தது என்று கேட்பதற்கு முன், அவரிடம் யாருக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும்.

நிலத்தாள் சொல்லாதது

நம் ஊரில் குடும்ப வரலாறு என்றதும் கை தானாக நிலத்தாளுக்குப் போகிறது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, பழைய செட்டில்மென்ட் பதிவேடு. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வேர் உண்டு. அது ஸ்காட்லாந்துக்காரர்களிடமே போய் முடிகிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியபோது அதை அளந்து தீர்வை விதித்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ. திருப்பத்தூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அவர்கள் பார்த்துப் பழகிய முறையே பின்னர், குடியானவரிடம் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரியாகச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. அதே தலைமுறையில், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயிலிருந்து வந்த காலின் மெக்கன்சி பாளையக்காரர்களின் வம்சாவளிகளையும் ஊர் வரலாறு சொல்லும் கைபீதுகளையும் திரட்டினார். ஆக, மேல்தட்டின் கொடிவழி மெக்கன்சியின் தொகுப்பில் ஏறியது. தீர்வை கட்டும் குடியானவரின் பெயர் மன்றோவின் கணக்கில் ஏறியது. உழுத படியாளுக்கு இரண்டிலும் இடமில்லை. பாராமகால் ஆவணங்களில் சாதிவாரித் தலைக்கணக்கு உண்டு. தலைக்குரிய பெயர் இல்லை.

மன்றோவின் சொந்த நாட்டிலேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1606-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முதலாளியோடு கட்டுண்டு கிடந்தார்கள். 1775, 1799 சட்டங்களுக்குப் பிறகே முழுதாக விடுபட்டார்கள். பாராமகாலில் அவர் தீர்வை எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளை ஒட்டித்தான் அந்த முழு விடுதலை வந்தது. அடிமைத்தளை இன்னதென்று அறியாத நாட்டிலிருந்து வந்தவர் அல்லர் அவர். ஆனால் தீர்வைக் கணக்குக்குத் தேவைப்பட்டது கட்டுபவரின் பெயர் மட்டுமே.

நிலத்தாளில் சேரி வருவது புறம்போக்காக, நத்தமாக, ஒரு சர்வே எண்ணாக. வீடுகள் எத்தனை, யார் யாருடையவை என்ற கேள்வி 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய நத்தம் நிலவரித் திட்டம் வரை வருவாய்த் துறைக்குப் பெரிதாக எழவில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையை அடுத்து 1892-இல் வந்த அரசாணைகளின்படி ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள், வருவாய்த் துறை மொழியில் டி.சி. நிலங்கள், நாம் பஞ்சமி நிலம் என்பவை. அந்த ஒப்படைப்புப் பதிவுகளில் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு. 1920-க்குப் பிறகு தொழிலாளர் ஆணையர் வழியாகச் சேரிகளுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தபோது, கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கட்டியவர்களின் பட்டியலும் எழுதப்பட்டது. பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுபவர்கள் இந்தப் பதிவுகளைச் சட்டச் சான்றாக மட்டுமே பார்க்கிறார்கள். இவை இப்பகுதித் தலித் குடும்பங்களின் மிகப் பழைய பெயர்ப் பட்டியல்களுள் அடங்கும் என்பது இன்னும் கவனம் பெறவில்லை.

நிலமுள்ளவரை எழுதி நிலமற்றவரை விடும் இந்தப் பழக்கம் அண்மைக் காலம் வரை நீடித்தது. டேனரிக் கழிவால் வந்த மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பேரில் அமைந்த ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு மதிப்பிட்டது. பாழ்பட்ட நிலமும் கிணறும்தான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. அந்த வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கி, அது போனதும் டேனரி வாசலில் போய் நின்றவருக்கு அதில் இடமில்லை. நாளை இப்பகுதியின் குடும்ப வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பட்டியலையும் பெரும் சான்றாகக் கொள்வார்கள். அப்போதும் பாதி ஊர் விடுபட்டிருக்கும்.

கப்பலும் சுரங்கமும்

மாதனூர்க் கூலி மிகத் தெளிவாக எழுதப்பட்டது அவர் மாதனூரை விட்டுப் போனபோதுதான். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்க நேட்டாலின் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களில், மாதனூர் அன்று அடங்கியிருந்த வடஆர்க்காடு ஜில்லாவினரின் எண்ணிக்கை மிகப் பெரிது. 1903-இல் சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் அனுப்பத் தொடங்கியபோதும் வடஆர்க்காடு முன்வரிசையில் இருந்தது. இதே 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் சென்னை ரயில்பாதை ஆம்பூரைத் தாண்டி ஜோலார்பேட்டை நோக்கி நீண்டது. ஆளெடுப்பவருக்கும் தோல் வியாபாரிக்கும் ஒரே தண்டவாளம் உதவியது.

நேட்டால் கப்பல் பட்டியலின் ஒரு வரியைக் கூர்ந்து பார்ப்போம். குடியேற்ற எண். பெயர். தகப்பன் பெயர். வயது. ஆணா பெண்ணா. சாதி. ஜில்லா. தாலுகா. ஊர். உயரம். அங்க அடையாளம். இந்தக் கடைசிப் பத்திக்கு நிகரான ஒன்றை அக்கால நம் ஊர்க் காகிதங்களில் காண்பது அரிது: இடது புருவத்துத் தழும்பு, முழங்காலில் வெட்டுக்காயம், அம்மைத் தழும்பு. தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதி வைத்த அடையாளம் அது. படியாளின் உடம்பை நமக்குக் காட்டும் எழுத்தும் அநேகமாக அது ஒன்றே. மொரீசியஸில் இன்னும் ஒரு படி மேலே போய் 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள். அவை மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. நேட்டால் பட்டியல்கள் டர்பனில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆவண மையம் வழியாகக் கணினியில் தேடக்கூடிய வடிவில் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் இவற்றை வைத்துத் தங்கள் பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள். ஊரில் நின்றவர்கள் அதே பட்டியலில் தங்கள் பாட்டனின் உடன்பிறந்தாரைத் தேடுவது அரிது. குடும்ப வரலாறு என்பது போனவர்களின் ஏக்கம் என்று நாம் விட்டுவிட்டோம்.

தேடுவது எளிதன்று. ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ‘முனியன், தகப்பன் சின்னப்பன், வடஆர்க்காடு’ என்று ஒரு வரியைக் கற்பனை செய்துகொள்வோம். அப்படி நூறு பேர் இருந்திருப்பார்கள். இங்கேதான் வாய்மொழி நினைவு கைகொடுக்கிறது. அது தனி வரலாறாக நிற்பதைவிட, சல்லடையாகப் பயன்படும்போது அதிகம் தருகிறது என்பது என் கருத்து. எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள், குலதெய்வம் எந்த ஏரிக்கரையில் என்பதை வீட்டுக் கிழவிகள் மறப்பதில்லை. ஒரே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம் அல்லது ஒன்றாகக் கிளம்பிய கூட்டாளிகள். அந்த எண் வரிசையில் உள்ள ஊர்களும் வீட்டில் சொல்லும் சம்பந்த ஊர்களும் ஒத்துப்போனால் முனியன் நூறு பேரிலிருந்து மூன்று நான்கு பேராகச் சுருங்குவார். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இன்னொரு சோதனை. ஒன்றுவிட்ட தலைமுறைகளில் முனியனும் சின்னப்பனும் மாறி மாறி வரவேண்டும். வராவிட்டால் வேறு ஆளைப் பிடித்திருக்கக்கூடும்.

கப்பலேறாதவர்கள் பலர் கோலாருக்கு நடந்தார்கள். 1880களில் தொடங்கிய தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வடஆர்க்காட்டுத் தமிழர்கள். அவர்களிலும் தலித்துகளே அதிகம். அங்கே சுரங்கக் கம்பெனி அவர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள்: நாங்கள் என்ன குற்றவாளிகளா என்பது அவர்கள் கேள்வி. குடும்ப வரலாற்றாளர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நாம் இன்று ஏங்கித் தேடும் பதிவை நம் முன்னோர் போராடி மறுத்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அதை அலட்சியம் என்று மட்டும் படிக்கக்கூடாது. சில இடங்களில் அது எதிர்ப்பு. (ரேகை விவகாரம் இன்றும் தீரவில்லை. ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பிலும் கெமிக்கலிலும் கை வைத்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்துபோகிறது. ரேஷன் கடை இயந்திரம் அவர்களை அவர்கள்தாம் என்று ஒப்புக்கொள்ள அடம்பிடிக்கிறது.)

முதல் உலகப்போருக்குப் போனவர்களுக்கு நேர்ந்தது தங்கவயலில் நடந்ததற்கு நேர்மாறு. பல ஊர்களில் வைத்த நினைவுக் கற்பலகை இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண்ணைச் சொல்கிறது, பெயரைச் சொல்வதில்லை.

இரண்டு பெயர்

மிஷன் பதிவேடுகள் இவ்வட்டாரத்தின் அடுத்த பெரிய சான்று. 1853-இல் அமைந்த அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலூரைச் சுற்றிப் பரவியது. 1895-இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கிய மிசௌரி லூத்தரன் மிஷன் ஆம்பூர், வாணியம்பாடிக்கு வந்தது. ஆம்பூரின் பெதஸ்தா மருத்துவமனை அதன் வழி வந்ததே. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று பதிவேடுகள். பழைய பெயர், புதிய பெயர், பெற்றோர், ஊர், நாள். ஸ்காட்லாந்தின் ஊர்த் தேவாலயப் பதிவேட்டுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். ஒரு வேறுபாடு: அங்கே ஊரின் பெரும்பகுதி பதிவில் வரக்கூடும், இங்கே தெருவில் சில வீடுகள் வரும், அண்ணன் வருவார், தம்பி வரமாட்டார்.

முனியம்மாள் மரியாளானதோடு சிக்கல் முடியவில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரானவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. அதனால் பல வீடுகளில் தேவாலயத்துக்கு ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டார்கள். தேவாலயப் பதிவேட்டின் சாமுவேலும் பள்ளி மாற்றுச் சான்றிதழின் சின்னசாமியும் ஒரே ஆள் என்பது வீட்டாருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. இதை ஏமாற்று என்பவர்கள் உண்டு. அப்படிப் பேசுபவர்கள், ஒரு குடும்பம் தன் வழிபாட்டுக்கும் தன் பிள்ளையின் படிப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆய்வாளருக்கு இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை உண்டு: இந்தப் பெயர் இணைப்புகளை அச்சில் வெளியிட்டால் உயிரோடிருப்பவர்களின் சான்றிதழுக்கு ஆபத்து வரும். மூன்று தலைமுறைக்குக் கீழே இறங்கும் கொடிவழியைப் பொதுவில் வைக்கக்கூடாது என்பது என் முடிவு.

டேனரிக்குள்

தோல் தொழில்தான் இவ்வட்டாரத்தின் முகம். ஆனால் அதுவே தன் ஆட்களை மிகக் குறைவாக எழுதிய தொழில். 1876–78 பஞ்சத்தில் மாடுகள் மடிந்தபோது சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி எகிறியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டியும் அதன் அருகிலும் டேனரிகள் பெருகின. ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிர் களைந்து, சவ்வு வழித்து, ஆவாரம்பட்டைக் குழியில் நாள்கணக்கில் கிடத்தி, கடுக்காய்ச் சாறும் புங்க எண்ணெயும் கொடுத்து முடிக்கும் வேலை. இயந்திரம் இல்லை. அதனால்தான் பதிவேடும் இல்லை: 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரமோ நீராவியோ ஓட்டும் இடங்களையே முதன்மையாகக் கணக்கில் கொண்டது. கையால் தோல் பதனிட்ட இடம் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலையே அன்று. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இப்படி விடுபட்ட பட்டறைகளைப் பற்றிக் கவலைப்பட்டது. சென்னை மாகாணம் 1947-இல்தான் மின்விசையில்லாத் தொழிற்சாலைகளுக்கெனத் தனிச் சட்டம் கொண்டு வந்தது. அதுவரை ஓர் ஆள் டேனரியில் முப்பது ஆண்டு வேலை செய்ததற்குச் சாட்சி மேஸ்திரியின் முன்பணக் கணக்கு நோட்டு மட்டும்தான். அந்த நோட்டில் பெயருக்கு எதிரே நிற்பது அவர் தர வேண்டிய கடன். இங்கும் பாத்தியதைதான் எழுதிற்று.

ஒரு விந்தையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆவாரம்பட்டை போதாமல் ஆனபோது டேனரிகள் நேட்டாலிலிருந்து வேட்டில் மரத்தின் பட்டையை இறக்குமதி செய்தன. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை முறித்துக்கொண்டபோது பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. பின்னர் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வேட்டில் காடுகள் வளர்க்கப்பட்டன. நேட்டாலுக்குப் போன அண்ணனின் ஊர்ப் பட்டையைத் தம்பி ஆம்பூர்க் குழியில் மிதித்திருக்கக்கூடும். ஆனால் வணிகக் கணக்கில் பட்டைக்கு டன் எண்ணிக்கை உண்டு. இவ்விருவரையும் இணைக்கும் காகிதம் நம் கையில்தான் உருவாக வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு பாத்தியதையின் திசை கொஞ்சம் மாறுகிறது. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், 1952-ஆம் ஆண்டின் பி.எஃப். சட்டம் ஆகியவற்றின் வழியாகத் தொழிலாளிக்கு எண் வந்தது, வாரிசுதாரர் பெயர் எழுதும் படிவம் வந்தது. தொழிலிடத்தில் முதல் முறையாக அவர் பெயர் அவருக்குச் சேர வேண்டியதன் பொருட்டு எழுதப்பட்டது. பெண்களுக்கு இது 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டத்துக்குப் பிறகே பெரிதாகக் கைகூடியது. குடியாத்தம், பேரணாம்பட்டு, மாதனூர்ப் பக்கங்களில் பீடி சுற்றிய பெண்கள் பலருக்கு அவர்கள் பெயரிலேயே இருந்த முதல் தொழில் ஆவணம் பீடி அட்டை. தாய்வழியைத் தேடுபவர் ரேஷன் கார்டில் ‘மனைவி’ என்று நிற்கும் பாட்டியை விட்டுவிட்டுப் பீடி அட்டையிலிருந்து தொடங்கலாம். அதில் அவர் தனி ஆள்.

ஆனால் இந்த அண்மைக் காலச் சான்றுகளே மிக வேகமாக அழிகின்றன. 1980-இல் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது ஊர்ப் பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் எவை அலுவலகத்துக்கு வந்தன, எவை வீட்டுப் பரணில் தங்கின என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். மூடிப்போன டேனரிகளின் சம்பளப் பதிவேடுகளை என்றென்றும் காக்கும் கடமை யாருக்கும் இல்லை. சில ஆண்டுகள் வைத்திருந்தால் சட்டம் திருப்தியடைகிறது, பிறகு அவை எடைக்குப் போகின்றன. மக்கள்தொகைக் கணக்கின் வீட்டுத் தாள்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் யாரும் பார்க்கவிடாது. கூட்டி முடித்ததும் அவை பொதுவாக அழிக்கப்பட்டு வந்துள்ளன. வருவாய்ப் பதிவேடுகளின் இருப்பிடமோ ஆட்சி எல்லையோடு நகர்கிறது: பழைய கெஜட்டியரில் ஆம்பூர் வேலூர் தாலுகாவில் இருந்தது, வடஆர்க்காடு 1989-இல் பிரிந்தது, வேலூர் 2019-இல் மூன்றாகி மாதனூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஒவ்வொரு பிரிவின்போதும் மூட்டை மூட்டையாகப் பதிவேடுகள் லாரி ஏறின.

எனவே இவ்வட்டாரத்தில் இப்போது உடனடியாகச் செய்ய வேண்டிய ஆய்வு புதிய நேர்காணல்கள் அல்ல. மூடிய டேனரிகளின் சம்பளப் பதிவேடுகள், மேஸ்திரி நோட்டுகள், சிற்றூர்த் தேவாலயங்களின் மூன்று பதிவேடுகள், டி.சி. ஒப்படைப்புக் கோப்புகள் இவற்றைத் தெருவாரியாகப் படமெடுத்துத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ வேலூரில் உள்ள ஒரு கல்லூரியிலோ ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். தனிக் குடும்பத்தை அலகாகக் கொள்ளாமல் தெருவை அலகாகக் கொண்டால், ஒரு வீட்டின் ஞானஸ்நானப் பதிவு பக்கத்து வீட்டின் கப்பல் எண்ணுக்கு ஊர்ப் பெயரை உறுதிசெய்யும், எதிர்வீட்டின் பி.எஃப். படிவத்து வாரிசுப் பெயர் இரண்டையும் இன்றைய ஆட்களோடு பிணைக்கும். கப்பல் பட்டியலின் வடஆர்க்காட்டுப் பகுதியை ஊர்வாரியாகப் பிரித்துத் தமிழில் பெயர்த்தெழுதும் வேலையை ஒரு முதுகலை மாணவர் குழுவே முடித்துவிடலாம்.